தோள் திரண்ட காய்

மாம்பழத்தின் இனிப்பு மரத்திலேயே முடிவாகிவிடுகிறது. இலைகள் ஆக்கி அனுப்பும் உணவு, காய்க்குள் மாவுச்சத்தாகச் சேர்கிறது. பழுக்கும்போது அந்த மாவு சர்க்கரையாக மாறும். காம்பை அறுத்ததும் வரத்து நின்றுவிடுவதால், அதுவரை சேர்ந்த மாவின் அளவுக்குத்தான் பின்னால் இனிப்பு. இளங்காயாகப் பறித்ததை எத்தனை நாள் மூடி வைத்தாலும் நிறம் மாறும், மெத்தென்று ஆகும், இனிக்காது. அதற்குத் தமிழில் வெம்பல் என்று தனிச்சொல்லே உண்டு. ஆகவே நல்ல பழம் எது என்ற கேள்வி, காய் பறிக்கும் ஆளின் கண்ணிலிருந்து தொடங்குகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் பறிப்பு வேலை மும்முரமாக நடக்கும். அனுபவமுள்ளவர் மரத்தடியில் நின்று முதலில் பார்ப்பது காயின் தோளை. இளங்காயில் காம்பு மேட்டின் மீது நிற்கும். முற்ற முற்ற இருபுறமும் தோள் திரண்டு எழும்பி, காம்பு ஒரு சிறு குழிக்குள் இறங்கிவிடும். தோலின் கரும்பச்சை சற்று வெளிறி, மாவு தூவினாற்போல ஒரு பூச்சு படியும். புள்ளிகள் விரிந்து தெளிவாகும். சந்தேகம் இருந்தால் ஒரு காயை நறுக்கிப் பார்ப்பார்கள். கொட்டை கெட்டிப்பட்டு, அதை ஒட்டிய சதையில் இளமஞ்சள் ஏறியிருக்க வேண்டும். தண்ணீரில் போட்டும் பார்க்கலாம்: முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். ஒரே மரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. பூ இரண்டு மூன்று தவணையாக வருவதால், பறிப்பும் அதேபோல இரண்டு மூன்று தவணையாக நடக்க வேண்டும்.

இந்த வேலையின் உயிர் தொரட்டியில் இருக்கிறது. நீண்ட மூங்கில் கழி, அதன் நுனியில் சிறு கத்தி, கத்திக்குக் கீழே வளையத்தில் கட்டிய வலைப்பை. கழியை இலைகளுக்கு நடுவே செலுத்தி, காயை வலைக்குள் வாங்கி, காம்பைக் கத்தியில் மாட்டி ஓர் இழுப்பு. காயோடு விரல் நீளத்துக்குக் காம்பும் வர வேண்டும். ஒட்ட அறுந்தால் பால் பீறிட்டு வழியும். மாமரம் முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அந்தப் பால் கடுமையானது. காயின் தோலில் பட்ட இடம் கருகும், பறிப்பவரின் கையிலும் முகத்திலும் பட்டால் புண்ணாகும். இறக்கிய காயின் காம்பைப் பிறகு சிறிதாகக் கிள்ளி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுவது முறையான வேலை. கிளையை உலுக்கிக் காயைத் தரையில் விழச் செய்வது சுலபம்தான். ஆனால் அடிபட்ட இடம் அன்றைக்குத் தெரியாது. நாலைந்து நாள் கழித்து, வாங்கியவர் வீட்டில் கறுத்து அழுகும். கழுத்தை அண்ணாந்தபடி, ஆள் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளக் கழியை நாள் முழுக்க ஏந்தி நிற்பவர்களின் தோள்வலி சந்தைக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

கணக்கு வேறு இடத்தில் போடப்படுகிறது. பல தோப்புகள் பூவெடுக்கும்போதே குத்தகைக்குப் போய்விடுகின்றன. முதல் வரத்துக்கு மண்டியில் விலை அதிகம் என்பதால் குத்தகைக்காரர் அவசரப்படுகிறார். முற்றியது, முற்றாதது என்று பிரித்தறியத் தெரிந்த அதே பறிப்பாளரிடம், வேறுபாடு பார்க்காமல் மரத்தையே மொட்டையடிக்கச் சொல்கிறார்கள். மண்டியில் கமிஷன், கழிவு, ஏற்றுகூலி, இறக்குகூலி என்று பிடித்தது போக எஞ்சுவதுதான் விவசாயிக்கு. விலை சரிந்தால் முதலில் அடி வாங்குவதும் அவர்தான். மாங்கூழ் ஆலைகளை நம்பியிருக்கும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு ரகத்தின் நிலை இன்னும் மோசம். 2025 பருவத்தில் எல்லைக்கு அப்பால் சித்தூர் பகுதியில் விலை விழுந்தபோது, ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்து 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. மூன்று நான்கு மாதம் மரத்தில் நின்று விளைந்த பொருளுக்கு இது கூலியாகுமா? காத்திருந்து பறிப்பவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராத சந்தை வெம்பலைத்தான் விளைவிக்கும்.

முற்றிய காயைப் பழுக்க வைக்கப் பெரிய வித்தை தேவையில்லை. வைக்கோலைப் பரப்பிக் காயை அடுக்கி மேலேயும் மூடினால், காயே வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே தங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழுக்கும். வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் இதே வேலையைச் செய்கிறது. கார்பைடு கல் ஈரத்தோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வரும்; அது தோலை விரைவில் மஞ்சளாக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்கின்றன. அனுமதி உள்ளது எத்திலீனுக்கு, அதுவும் காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு வரை. அந்த வாயுவாலும் இளங்காய்க்கு இனிப்பு ஏற்ற முடியாது.

கடையில் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். இமாம் பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை படர்ந்தே இருக்கும். செந்தூராவின் தோளில் உள்ள சிவப்பு வெயிலால் வருவது, காயிலேயே இருப்பது. பழத்தைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். காம்பு ஓரத்தில் முகர்ந்தால் வாசம் வர வேண்டும். வாசமே இல்லாமல் சீராக மஞ்சள் பூசியது போலிருப்பதைத் தவிர்ப்பது நல்லது. விரலால் அழுத்திப் பார்ப்பது பழத்துக்குக் கேடு, உள்ளங்கையில் ஏந்தினாலே நெகிழ்வு தெரிந்துவிடும். நீலம் ரகத்தில் இன்னொரு தொல்லை: தோல் பழுதில்லாமல் இருக்க, கொட்டைக்குள் வண்டு இருக்கலாம். நறுக்கிப் பார்க்காமல் தெரியாது.

பழுக்காததைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 12, 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்து, பழுப்பதும் நின்றுபோகும். சாப்பிடுமுன் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் தோலில் ஒட்டிய பால் போகும். மல்கோவாவையும் பங்கனபள்ளியையும் துண்டு போட்டுச் சாப்பிடலாம். நாட்டுப் பழத்தை உருட்டிப் பிசைந்து, நுனியைக் கடித்துச் சப்புவதே முறை. கிளிமூக்கை அரைப்பழமாக உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பவர்கள் அதைப் பழுக்க விடுவதில்லை. தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இமாம் பசந்துக்கு ஈடு வேறு ரகம் இல்லை.

பங்குனியில் சாலையோரத்தில் மஞ்சளாக அடுக்கியிருக்கும் மல்கோவாவை வாங்காதீர்கள். செந்தூரா முதலில் வரும், பிறகு பங்கனபள்ளி. மல்கோவா முற்ற வைகாசி ஆகும். நீலம் ஆடி வரை கிடைக்கும்.