பந்தயத்துக்கு ஒரு திகதி வேணும்

டேவிட் லெவியை எனக்குப் பிடிக்கும். ஸ்கொட்லாந்தின் செஸ் சம்பியனாக இருந்தவர். 1968இல், பத்து வருசத்துக்குள் எந்தக் கணினியும் தன்னை வெல்லாது என்று காசு வைத்துப் பந்தயம் கட்டினார். அதற்கு முன்பு, 1957இல் ஹேர்பேர்ட் சைமன் பத்து வருசத்தில் கணினி உலக சம்பியனாகும் எண்டு சொல்லியிருந்தார். அது பிழைத்துப்போனது. லெவியின் கணக்குச் சரிவந்தது. 1978இல் ரொறன்ரோவில் 'செஸ் 4.7' என்ற புரோகிராமை வென்றார். ஆனால் ஒரு ஆட்டத்தை அதனிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1989இல் 'டீப் தோட்' அவரை 4–0 என்று அடித்துப்போட்டது.

பிறகு கஸ்பரோவின் முறை. 1996இல் 'டீப் ப்ளூ'வை 4–2 என்று வென்றார். அடுத்த வருசமே 3.5–2.5 என்று தோற்றார். மெஷினுக்கு ஆட்டம் விளங்குமா எண்டுதான் கனபேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது விளங்கிக்கொள்ளவில்லை, செக்கனுக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதுவே காணுமாயிருந்தது.

நான் மொழிபெயர்ப்பு செய்து சம்பாதிக்கிறன். "உன்ர வேலையை மெஷின் ஒருநாளும் செய்யாது" எண்டு நண்பர்கள் ஆறுதல் சொல்லுகினம். ஒருநாளும் எண்டதை வைத்து ஒண்டும் திட்டமிடேலாது. லெவி மாதிரிச் சொல்லுங்கோ: அஞ்சு வருசமா, பத்து வருசமா? பத்தெண்டால் இந்த வேலையிலேயே இன்னும் ஆழமாய் இறங்குவன். அஞ்செண்டால் இப்பவே வேறொண்டு படிக்கத் தொடங்கவேணும்.