முகத்தைக் கலைக்கத் துணிந்தவர்

மாடலாக இருந்து நடிக்க வந்தவர் என்று ஒரு நடிகையை அறிமுகப்படுத்தும்போது, அந்தச் சொற்களில் பாராட்டைவிடச் சந்தேகமே கூடுதலாக இருக்கிறது. அழகு இருந்தது, கேமராவுக்குக் கூச்சமில்லை, வாய்ப்பு வந்தது. சரி, நடிப்பை எங்கே கற்றார் என்ற கேள்வி சொல்லாமலே தொக்கி நிற்கிறது. மேடையில் பத்தாண்டு வசனம் பேசிவிட்டுத் திரைக்கு வந்தவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. இங்கிலாந்து நடிகை ஜோவன்னா லம்லியின் ஐம்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட திரை வாழ்க்கையை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் நிற்காது என்பது என் எண்ணம். அழகு அவருக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அவர் நடிகையாக வளர்ந்த கட்டங்கள் எல்லாம், அந்த அழகை அவரே கலைத்துக்கொண்ட இடங்களில்தான் வருகின்றன. அப்படிக் கலைக்கும் துணிச்சலையும் பக்குவத்தையும் பெரிதும் கொடுத்தது, நாம் இளக்காரமாகப் பார்க்கும் அந்த மாடலிங் தொழிலே.

லம்லி பிறந்தது 1946 மே முதல் நாள், ஸ்ரீநகரில். தந்தை கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரி. இந்தியா விடுதலை பெற்றபின் குடும்பம் ஹாங்காங், மலாயா என்று நகர்ந்தது. பிறகு இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி. பதினாறு வயதில் லண்டனின் புகழ்பெற்ற நாடகப் பள்ளியான ராடாவில் சேர முயன்றார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின்தான் லூசி கிளேட்டன் பயிற்சி நிலையம், சில ஆண்டு மாடலிங், உடை வடிவமைப்பாளர் ஜீன் மியூரிடம் நிரந்தர மாடலாக வேலை. அந்த வேலை எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டும். தைத்து முடியாத துணியை உடம்பின்மேல் போட்டு, ஊசி குத்தி, பிரித்து, மறுபடி குத்தும் வரை மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். தோளை ஒரு விரற்கடை தூக்கினால் துணியின் விழுகை மாறும். அந்த வித்தியாசத்தை உடம்பே உணர வேண்டும். அறுபதுகளின் லண்டனில் மாடல்கள் பெரும்பாலும் ஒப்பனையையும் கூந்தல் அலங்காரத்தையும் தாங்களே செய்துகொண்டார்கள். சவரி முடி, காலணி, மை எல்லாவற்றையும் ஒரு பையில் சுமந்துகொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார்கள். காலையில் பள்ளிப் பெண், மாலையில் சீமாட்டி. தன் முகம் என்பது பிறவியில் வந்த சொத்து மட்டுமல்ல, வேண்டும்போது கட்டிக் கலைக்கும் வேஷமும்கூட என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பள்ளி கற்றுத்தரும்?

ஆனாலும் திரையுலகம் முதலில் கேட்டது கட்டப்பட்ட முகத்தை மட்டும்தான். 1969இல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரட் சர்வீஸ்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், ஆல்ப்ஸ் மலை உச்சியில் வில்லன் நடத்தும் மருத்துவ நிலையத்துப் பெண்களில் ஒருவராக வந்தார். அவரவர் நாட்டின் பெயரே அடையாளமாகிவிட்ட அந்தக் கூட்டத்தில் இவர் ஆங்கிலப் பெண், அவ்வளவுதான். 1973இல் ஒரு டிராகுலா படம், ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் சில வாரங்கள். பிறகு 1976இல் ‘தி நியூ அவெஞ்சர்ஸ்’ தொடரில் பர்டி என்ற உளவாளி. அந்தப் பாத்திரத்துக்காகக் கூந்தலை ஒட்ட வெட்டிக்கொண்டார். சிகை அலங்காரக் கலைஞர் ஜான் ஃப்ரீடா காளான் குடைபோல வெட்டிய அந்தத் தலை பிரிட்டன் முழுக்கப் பரவி, பாத்திரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டது. அந்த நாளில் திரையில் கவர்ச்சி என்றாலே அலையலையான நீண்ட கூந்தல். அதை இழக்கச் சம்மதித்தபோதுதான் பார்ப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லி நினைவில் வைக்கத் தொடங்கினார்கள்.

முழுமையான கலைப்பு நடந்தது 1992இல். ஜெனிஃபர் சாண்டர்ஸ் எழுதி நடித்த ‘அப்சலூட்லி ஃபேபுலஸ்’ தொடரில் பாட்ஸி ஸ்டோன் என்ற பாத்திரம். ஒரு காலத்தில் மாடலாக இருந்து, இப்போது ஒரு ஃபேஷன் பத்திரிகையில் பதவி வகிப்பவள். எப்போதும் கையில் சிகரெட், ஷாம்பேன். கோபுரம்போல் தூக்கிக் கட்டிய பொன்னிறக் கொண்டை, கலைந்த உதட்டுச் சாயம், நேராக நிற்கத் தடுமாறும் கால்கள். அப்போது லம்லிக்கு வயது 46. தன் பழைய தொழிலையே, அந்தத் தொழில் ஒரு பெண்ணை என்ன செய்துவிடக்கூடும் என்பதையே, அவர் வேஷமாகக் கட்டினார். பாட்ஸி தள்ளாடிக்கொண்டே ஒரு நொடியில் முதுகை நிமிர்த்தி, கன்னத்தை உள்ளிழுத்து, இல்லாத கேமராவுக்கு முகம் காட்டுவாள். அந்த நொடியில் நாம் சிரிக்கிறோம். கூடவே அவள்மேல் இரக்கமும் வருகிறது. சரியான நிலை எது என்று உடம்பால் அறிந்தவரால்தான் அதிலிருந்து எவ்வளவு சரிந்தால் சிரிப்பு, எவ்வளவு சரிந்தால் துயரம் என்று அளக்க முடியும். ஜீன் மியூரின் தையலறையில் கற்ற அசையாமையே இங்கே தலைகீழாகப் பயன்பட்டது. அந்தப் பாத்திரத்துக்காக அவருக்குப் பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் விருது கிடைத்தது. 1994இல் மடகாஸ்கரை ஒட்டிய ஒரு தீவில் ஒன்பது நாள் தனியே வாழ்ந்த ‘கேர்ள் ஃப்ரைடே’ நிகழ்ச்சியில், பவளப் பாறை காலைக் கிழிக்காமலிருக்கத் தன் உள்ளாடையையே செருப்பாகத் தைத்துக்கொண்டார். ஒப்பனையில்லாத முகத்தை நாடு பார்ப்பதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது: அழகில்லாத, ஆனால் முறையாகப் பயின்ற எத்தனையோ பேர் வாசலிலேயே நின்றபோது இவருக்கு மட்டும் கதவு திறந்தது அநியாயமில்லையா? அநியாயம்தான், மறுக்க முடியாது. தந்தையின் பதவியும், விடுதிப் பள்ளி கொடுத்த மேட்டுக்குடி உச்சரிப்பும் அந்த அநியாயத்தோடு சேர்ந்தவையே. ஆனால் கதவு திறந்தது எந்த அறைக்கு என்றும் பார்க்க வேண்டும். நாட்டின் பெயர் மட்டும் தாங்கிய பாத்திரங்கள் நிறைந்த அறை அது. பாண்ட் படத்திலிருந்து பாட்ஸி வரை வந்து சேர 23 ஆண்டுகள் ஆயின. அழகுக்குத் தேவை குறைந்துவிடும் என்று திரையுலகம் கணக்குப்போடும் வயதில் அவருடைய சிறந்த பாத்திரம் வந்தது. அழகு கொடுத்த சலுகை அதை விளக்காது. பயின்ற திறன் விளக்கும்.

இரண்டாவது மறுப்பு: ஒருவரை வைத்துத் தொழிலையே அளக்கலாமா? அதே காலத்தின் மிகப் புகழ்பெற்ற மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன் 1967இல் ‘பிரிவிலேஜ்’ படத்தில் நாயகியாக நடித்தார். அதோடு திரையை விட்டு விலகி, பிற்பாடு கார்ன்வாலில் ஒரு விடுதி நடத்தினார். சரியான எடுத்துக்காட்டுதான். ஆனால் அதே லண்டனின் ட்விக்கி, 1971இல் கென் ரஸ்ஸலின் ‘தி பாய் ஃப்ரெண்ட்’ படத்தில் ஆடிப் பாடி இரண்டு கோல்டன் குளோப் விருதுகளை வென்றார். கேமரா முன் நின்ற எல்லோரும் நடிகையாகிவிடுவார்கள் என்பது என் வாதம் அல்ல. நாடகப் பள்ளியில் படித்த எல்லோரும்கூட ஆவதில்லையே. மாடலிங் ஒரு பயிற்சி என்பதே வாதம். பயிற்சியை வேறொன்றாக மாற்றத் தெரிந்தவருக்கு அது பலன் தருகிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது: முகத்தால் வந்த புகழ் முகத்தோடு போய்விடும், அதனால் உலகுக்கு என்ன பயன்? இதற்குப் பதில் 2009இல் இருக்கிறது. 1997 ஜூலைக்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்களில் பெரும்பாலோருக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை மறுக்கப்பட்டு வந்தது. வீரர்களும் வழக்கறிஞர்களும் நடத்திய போராட்டத்தின் பொதுமுகமாக லம்லி நின்றார். கூர்க்கா படை அவருடைய தந்தையின் படைப்பிரிவு. தந்தையோடு பர்மாப் போர்முனையில் இருந்த துல் பகதூர் புன் விக்டோரியா கிராஸ் பெற்ற வீரர். ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அரசு 21 வாக்கில் தோற்றது. மே 21 அன்று, நான்காண்டு பணி முடித்த முன்னாள் கூர்க்காக்கள் அனைவரும் குடியேறலாம் என்று உள்துறை அமைச்சர் அறிவித்தார். வழக்கை வென்றவர்கள் வழக்கறிஞர்கள், உரிமையை ரத்தத்தால் ஈட்டியவர்கள் வீரர்கள். ஓய்வூதிய ஏற்றத்தாழ்வு அதன்பிறகும் தீரவில்லை. இருந்தாலும் கேமராக்களை அந்த முதியவர்கள் பக்கம் திருப்பியதில் லம்லிக்குப் பெரும் பங்கு உண்டு. தன்மேல் விழும் பார்வையை எங்கே செலுத்துவது என்று அறிந்தவரின் செயல் அது.

ஆகவே, ஒருவர் மாடலாக இருந்தவர் என்று கேள்விப்பட்டதும் தீர்ப்பை எழுதிவிட வேண்டாம். அந்த முகத்தை வைத்து அவர் என்ன செய்தார், எப்போது அதை விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள். பதினாறு வயதில் நாடகப் பள்ளி வேண்டாம் என்று அனுப்பிவைத்த பெண்ணுக்கு, 2017இல் பாஃப்டா தன் மிக உயர்ந்த கௌரவமான ஃபெலோஷிப்பை வழங்கியது.