புது டப்பா ஏர்கன் குண்டும் நாற்பது ஓட்டைகளும்



"சார் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறாரா!" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். வீட்டில் ஏர்கன் வைத்திருப்பவர்களும், பிள்ளை கேட்கிறானே என்று வாங்கித்தர யோசிப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

என் தங்கை மகளின் பையன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பா வெளிநாட்டில் வேலை. போன விடுமுறையில் வந்தபோது ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். குழலை மடக்கி, குண்டு போட்டு, நிமிர்த்திச் சுடும் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கி. இத்தனை நாள் தட்டை மூக்குக் குண்டு போட்டு அட்டையில் சுட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "ஸ்லக்" என்ற புதுவகைக் குண்டு ஒரு டப்பா ஆன்லைனில் வரவழைத்துவிட்டான். நமக்குப் பழக்கமில்லாத புது பிராண்ட். தங்கை மகள் போன் செய்தாள்: "மாமா, இது ரொம்ப தூரம் போகுமாம், பலமா அடிக்குமாம். எனக்குப் பயமா இருக்கு. பிடுங்கி வைக்கலாம்னா சாப்பிட மாட்டேங்கறான். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

பிடுங்கி வைப்பது ஐந்து நிமிட வேலை. அதனால் பையன் கற்றுக்கொள்வது ஒளித்து வைப்பதை மட்டும்தான். "ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியையும் ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கிட்டு அம்மாவோட வாப்பா, பரீட்சை வச்சுப் பார்ப்போம்" என்றேன்.

என் வீட்டுக் கொல்லையில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டேன். கெட்டியான சுவரில் நேராகச் சுட்டால் ஈயக்குண்டு திரும்பி வரும். ஆகவே ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக நெருக்கி அடுக்கி, அதன் பின்னால் மணல் மூட்டை வைத்தேன். கொல்லைக் கதவைத் தாழ் போட்டோம். இருவரும் கண்ணாடி அணிந்துகொண்டோம்.

பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி எண் போடுவார்களே, அதே முறைதான். யாருடைய தாள் என்று தெரிந்தால் திருத்துகிற கை கொஞ்சம் சாயும். அதனால் எந்தக் குண்டு என்று எனக்குச் சொல்லாமல் பையனே போட்டுத் தரவேண்டும், நான் மேஜையில் தலையணை வைத்துத் துப்பாக்கியைத் தாங்கிச் சுடவேண்டும் என்று ஏற்பாடு. எந்தத் தாளில் எந்தக் குண்டு என்பதை அவன் தனி நோட்டில் எழுதிக்கொள்வான். தாளுக்கு ஐந்து குண்டு, எட்டுத் தாள். ஆக, பழையது இருபது, புதியது இருபது. குண்டு மாற்றும்போதெல்லாம் குழல் பழகுவதற்கு இரண்டு மூன்று குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டோம்.

நோட்டைத் திறந்து பார்த்தபோது அவன் முகம் வாடிவிட்டது. தட்டை மூக்குக் குண்டு சுட்ட நான்கு தாள்களில் மூன்றில், ஐந்து ஓட்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் மறைந்தன. ஸ்லக் சுட்ட தாள் ஒன்றில்கூட அப்படி மறையவில்லை. நான்கு விரல் அகலத்துக்குச் சிதறியிருந்தது. இரண்டு ஓட்டைகள் வட்டமாகக்கூட இல்லை, நீள்வட்டமாக இருந்தன. குண்டு மூக்கை நேராக வைத்துக்கொண்டு போகவில்லை, சாய்ந்துகொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் கேட்டான். சாதாரண ஏர்கன் குண்டு இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும். காற்று அழுத்தியதும் அந்த மெல்லிய பாவாடை குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்களில் பதிந்து பிடித்துக்கொள்ளும். வெளியே வந்தபிறகு காற்று அதன் பின்பகுதியைப் பிடித்து இழுப்பதால் மூக்கு முன்னாலேயே நிற்கும். இறகுப்பந்து எப்படித் திருப்பி அடித்தாலும் தலை முன்னால் வருகிறதே, அதே கதை. ஸ்லக் அப்படி இல்லை. நேரான உருளை, பாரமும் அதிகம். அது பம்பரம் மாதிரி, சுழற்சியை நம்பித்தான் நேராக நிற்கும். சாட்டை தளர்வாகச் சுற்றிய பம்பரம் தள்ளாடுவதை நீங்களெல்லாம் பார்த்திருப்பீர்கள். காற்றை முன்கூட்டியே அழுத்தி அடைத்து வைக்கும் பலமான துப்பாக்கியில், அதற்கு ஏற்ற குழல் இருந்தால், இதே ஸ்லக் நன்றாகப் போகலாம். ஆகவே அந்தக் கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. இந்தத் துப்பாக்கிக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியைப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. செய்தித்தாள் கட்டில் ஸ்லக் அதிக ஆழத்துக்குப் போயிருந்தது. அதைத்தான் அவனிடம் அழுத்திச் சொன்னேன்: "பாருப்பா, குறி தவறும், ஆனா ஆழமாப் போகும். இதைவிட மோசமான கூட்டு வேற என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகுதான் மனதில் இருந்தது வெளியே வந்தது. "தாத்தா, திருநள்ளாறு பக்கம் வயல்ல மடையான் நிறைய உட்காருது. கிட்டப் போனா பறந்துடுது. அதான் தூரமாப் போற குண்டு வாங்கினேன்."

அவன் தாய் அதிர்ந்துபோனாள். நான் திட்டவில்லை. பையன் உண்மையைச் சொன்ன நேரத்தில் திட்டினால் அடுத்தமுறை உண்மை வராது. அதே தாளை எடுத்துக் காட்டினேன். "பத்து மீட்டர்ல, மேஜையில தாங்கிச் சுட்டே இவ்வளவு சிதறுது. நாற்பது மீட்டர்ல இது மடையானோட எங்கே படும்? இறக்கையிலே படும், காலிலே படும். செத்தும் போகாது, பிழைக்கவும் பிழைக்காது. தவறின குண்டு வரப்புல நாத்துப் பறிக்கிறவங்க மேல போகும்."

சட்டத்தையும் சொன்னேன். 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதனால் இது பொம்மை என்று ஆகிவிடாது. அரை கிராம் குண்டு நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் எட்டு ஜூல் வரும். ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்ச் சாமான், ஒரு கண்ணைப் பறிக்க அதுவே போதும். கொக்கும் மடையானும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. உரிமம் வேண்டாத துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம் குற்றம்தான்.

அருணாசலப் பிரதேசத்தில் காட்டுப் பறவைகளை ஏர்கன்னால் சுடுவது வழக்கமாக இருந்தது. 2021-இல் அங்கே ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை அரசு தொடங்கியது. மக்கள் தாமாகவே முன்வந்து துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். நமக்குத் தெற்கே கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் இருக்கிறது. கடல் கடந்து வரும் பறவைகள் நம் கடலோரத்தை நம்பித்தான் வருகின்றன.

சுடுவதில் ஆசை இருந்தால் அதற்கும் மரியாதையான வழி உண்டு. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். நமக்கு வடக்கே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் நடந்த உலகக்கோப்பையில் தங்கம் வாங்கியதும் அதே போட்டியில்தான். (வாலறிவன் என்ற சொல் எந்தக் குறளில் வருகிறது? பழைய மாணவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.) அந்தப் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். பேனா முனைப் புள்ளி. இவர்களைப் போன்ற வீரர்களும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக் குண்டையும் சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் போடுவது தட்டை மூக்குக் குண்டு. தாளில் சுத்தமான வட்டமாக வெட்டும்.

"அரை மில்லிமீட்டரா!" என்றான். அப்போதுதான் அவன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

தங்கை மகளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். துப்பாக்கி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சுடக்கூடாது. உயிருள்ள எதன் பக்கமும் குழல் திரும்பக்கூடாது, குண்டு இல்லாவிட்டாலும்கூட. குண்டை வாயில் கவ்வக்கூடாது. அது ஈயம், விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், பெட்டியில் விழுந்த ஈயத்தைப் பொறுக்கி வைக்கவேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் பெருமையை நம்பாமல் தாளில் விழும் ஓட்டையை நம்பவேண்டும்.

ஸ்லக் டப்பாவை நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவனே என் மேஜைமேல் வைத்துவிட்டு, "தாத்தா, அடுத்த ஞாயிறு எனக்கு டம்மி எண் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டான். இப்போது வாராவாரம் வருகிறான். போன வாரம் நூற்றுக்கு எழுபத்தொன்று.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு சார், காரைக்கால்.