காடு தெரிந்தவரும் ஆள் தெரிந்தவரும்

காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப் போவதற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, முடித்தால் சான்றிதழ்கூடத் தருகிறார்கள் என்று தருமபுரிப் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். சித்தேரி மலையில் மாடு ஓட்டிப்போகிற பையனுக்கும், வத்தல்மலையில் மிளகு பறிக்கப் போகிற அம்மாவுக்கும் எந்தப் பள்ளிக்கூடம் வழி சொல்லிக் கொடுத்தது? பென்னாகரத்தைத் தாண்டிக் காவிரிவரை இறங்கும் காட்டில், யானை நிற்கிற இடத்தைக் காற்றில் வரும் வாடையிலேயே சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. அவர்களிடம் போய் காந்த ஊசியைக் காட்டி வடக்கு எது என்று விளக்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

சித்தேரி மலைச் சரிவில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு நானும் போயிருந்தேன். கல்லூரி மாணவர்கள், சில ஆசிரியர்கள், என்னைப் போல் வயசுக்கு மீறிய ஆசைக்காரர்கள் ஓரிருவர். வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தது. வடக்கே ஒரு மலையேற்றப் பள்ளியில் படித்துவிட்டு வந்த இளம்பெண்தான் பயிற்றுநர். வழிகாட்ட அந்த மலையின் பழங்குடியான மலையாளி சமூகத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு, கையில் கொடுவாள். செருப்பு இருந்தது, அதைப் பாதி நேரம் கையில்தான் வைத்திருந்தார்.

அவர் நடக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சருகு மூடிய பாறையில் கால் வைப்பதற்கு முன் கண் அங்கே போய்விடும். பூனைக்காலிக் கொடியைத் தொடப்போன பையனை ஒரு அதட்டில் நிறுத்தினார். தொட்டிருந்தால் அன்று பகல் முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பான். ஆனால் தூரம் கேட்டால் மட்டும் அவரை நம்பக் கூடாது. "தோ, அந்த மேடு தாண்டினா கூப்பிடு தூரந்தான்" என்பார். மலையில் குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். கால் இறங்கித்தானே ஏற வேண்டும்? பொய் சொல்லவில்லை அவர். அவர் காலுக்கு அது அவ்வளவுதான். எங்கள் முழங்கால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய வேளையும் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை.

அந்தப் பெண்ணோ காட்டைப் பார்ப்பதற்கு முன் எங்கள் கால்களைப் பார்த்தார். புறப்பட்டுச் சிறிது நேரத்திலேயே எல்லாரையும் உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார். புது ஷூ போட்டு வந்த ஒரு மாணவனுக்குக் குதிகால் சிவந்திருந்தது. இன்னும் கொப்புளமாகவில்லை. அப்போதே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். கொப்புளமான பிறகு ஒட்டி என்ன பயன்? மெதுவாக நடக்கிறவரை வரிசையில் இரண்டாவதாக விட்டார். கூட்டம் முழுவதும் அவர் வேகத்துக்கு வந்துவிட்டது, யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஆள், பாதை பிரியும் இடத்திலெல்லாம் தலை எண்ணுவது, இதெல்லாம் எளிய ஏற்பாடுகள். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. முன்னால் போகிறவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். தள்ளாடி வருகிற கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் கிடைக்காது. உலகத்தில் எல்லாக் கூட்டத்திலும் இப்படித்தான் நடக்கிறது, கல்யாணப் பந்தி உட்பட. அந்தப் பெண் கடைசி ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

பிற்பகலில் ஒரு ஓடை குறுக்கிட்டது. காலையில் கணுக்கால் நனையத் தாண்டியதுதான். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். பயிற்றுநர் முதல் காலை வைக்கப்போனார். "இரு பாப்பா" என்றார் பெரியவர். "தண்ணி கலங்குது, சருகு வருது பாரு. மேல பேயுது." நாங்கள் பார்த்தோம், எதுவும் தெரியவில்லை. சிறிது நேரத்தில் ஓடையின் சத்தம் மாறியது, பிறகு அதன் உடம்பே மாறியது. செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது. அந்தப் பெண் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் இந்த ஓடையைப் பற்றி அங்கே பாடம் நடந்திருக்காது.

கதை அங்கே முடிந்திருந்தால் சிரித்தவர்கள் பக்கம் முழு நியாயமும் போயிருக்கும். பெரியவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "நீங்க வடிஞ்சதும் வாங்க, நான் தாண்டிடுறேன், மாடு கட்டணும்" என்று கிளம்பினார். அவரால் தாண்ட முடியும், அதில் சந்தேகமே இல்லை. பயிற்றுநர் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நீங்க போனா பின்னாலயே நாலு பசங்க இறங்குவாங்க. எனக்காக உக்காருங்க." பெரியவர் திரும்பி மாணவர்களைப் பார்த்தார். இரண்டு பேர் ஏற்கெனவே பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். மலையோடை வந்த வேகத்திலேயே வடியும். மாலைக்குள் எல்லாரும் அக்கரையில் இருந்தோம். தண்ணீரைப் படித்தவர் அவர், பையன்களைப் படித்தவர் இவர்.

இந்த இரண்டு படிப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாகாதா என்றால், இருக்கலாம். அதற்கு யாராவது மெனக்கெட வேண்டும். 1953-இல் எவரெஸ்டில் நின்ற டென்சிங் நோர்கேயை விட மலை தெரிந்தவர் அன்று யார்? அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியபோது, அவரையும் சில ஷெர்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். மலை ஏறக் கற்றுக்கொள்ளவா? ஏறத் தெரியாதவனுக்கு எப்படிக் கற்றுத் தருவது என்று கற்றுக்கொள்ள. எவரெஸ்ட் ஏறியவர் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தது எனக்கு எவரெஸ்டுக்குக் குறைந்த காரியமாகத் தோன்றவில்லை. அமெரிக்காவில் பால் பெட்சோல்ட் என்ற மலையேறி 1965-இல் வயோமிங் மாநிலத்தின் லாண்டர் என்ற சிற்றூரில் வெளிப்புறத் தலைமைக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியதும் இதே குறையைப் பார்த்துத்தான்: இளைஞர்களைக் காட்டுக்கு அனுப்பும் திட்டங்கள் பெருகின, அழைத்துப்போகத் தகுந்த ஆட்கள் பெருகவில்லை.

நம் பக்கத்தில் இந்தக் குறை எவ்வளவு கொடியது என்பதை 2018 மார்ச் 11 காட்டியது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் சரிவில் தீ பிடித்து, நடைபயணம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும். கீழே எரிகிற சூடே மேலே இருக்கும் புல்லை உலர்த்தித் தயாராக வைத்துவிடும். மேலே ஓடாதே, பக்கவாட்டில் விலகு, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்குப் போ என்பதை மலைக்காரர் அறிவார். புகை சூழ்ந்த சரிவில், சிதறி ஓடுகிற புதியவர்களுக்கு அதைக் கேட்கிற குரலில் சொல்லி, கேட்கவும் வைப்பது தனி வித்தை. அதைவிடப் பெரிய வித்தை, மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுக்குக் கூட்டத்தோடு போக வேண்டாம் என்று ஊரிலேயே முடிவெடுப்பது. அந்த முடிவுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இரண்டும் சேர்ந்த ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டாம், ஒகேனக்கல் போதும். பரிசல்காரர் துடுப்பை எடுப்பதற்கு முன்பே வேலையில் பாதியை முடித்துவிடுகிறார். கனத்த ஆள் இந்தப் பக்கம், அவருக்கு எதிரே இரண்டு பேர், குழந்தை வைத்திருக்கும் அம்மா நடுவில், செல்போனை நீட்டிக்கொண்டு வருகிற பையன் தன் கைக்கு எட்டும் இடத்தில். மூங்கில் பிளாச்சில் பின்னி, அந்தக் காலத்தில் தோலும் இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திய வட்டத் தட்டு அது. ஒருவர் சட்டென்று எழுந்தால் எல்லாருக்கும் கேடு. "அசையாம உக்காரு கண்ணு" என்று அவர் சொல்கிற தொனி ஆளுக்கு ஆள் மாறும். மிரண்டவரிடம் வேடிக்கை பேசுவார், துள்ளுகிறவனை முறைப்பார். சித்தேரிப் பெரியவருக்கு இல்லாத இந்தப் படிப்பு இவருக்கு எங்கிருந்து வந்தது? ஆற்றைத் தெரியாதவர்களை ஏற்றி இறக்குவதே இவர் பிழைப்பு. தினமும் புதுப் பயத்தோடு வந்து உட்காருகிறவர்கள்தான் இவருக்கு வாத்தியார்கள்.

ஆனாலும் அவர் கண்ணுக்கு எட்டாத ஒன்று இருக்கிறது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறக்கப்பட்டால், ஒகேனக்கல்லில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளந்து சொல்கிற கனஅடிக் கணக்கைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். தடை நாட்களில் வருமானம் போகிறதே என்ற பரிசல்காரர்களின் மனத்தாங்கல் உண்மையானது. ஆனால் அந்த எண்ணும் ஒருவகையில் சித்தேரி ஓடையில் வந்த சருகுதான். மேலே பெய்கிறது என்கிறது.

அப்படியானால் தருமபுரி மாவட்டத்துக்கு யாரைப் பயிற்றுவிப்பது? என் அபிப்பிராயம் ஒருதலையானது: நகரத்து இளைஞனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுப்பதைவிட, மலை இளைஞருக்கு நகரத்தானைக் கற்றுக்கொடுப்பது சுலபம். சித்தேரிக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் பழங்குடி நல மருத்துவமனை தொடங்கிய டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அப்படித்தான் செய்தார்கள். வெளியூர் நர்சுகளுக்குக் காத்திராமல் அந்த ஊர்ப் பெண்களுக்கே மருத்துவப் பணி கற்றுக்கொடுத்தார்கள். நோயாளியின் பேச்சும் தெரியும், ரத்த அழுத்தம் பார்க்கவும் தெரியும் என்ற ஆட்கள் அப்படித்தான் உருவானார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்திலும், 14 மாவட்டங்களின் 40 தடங்களில், அந்தந்த வனப்பகுதி இளைஞர்களே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான். முதலுதவியும் உபசரிப்பும் கற்றுக்கொண்டவரிடம், "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் இருக்கிறதா, பணம் கட்டி வந்தவர் அதைக் கேட்டு நிற்பாரா என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

சித்தேரியிலோ வத்தல்மலையிலோ அப்படி ஒரு பள்ளி வந்தால், பாடம் தமிழில் இருக்கட்டும், கட்டணம் மாடு விற்காமல் கட்டுகிற அளவில் இருக்கட்டும். இறுதித் தேர்வுக்குச் சிகரம் எதுவும் வேண்டாம். அரூர் பஸ் நிலையத்தில் இறங்கும் ஒரு வங்கி அலுவலர், மூட்டு வலியுள்ள அவருடைய மாமியார், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிக்னல் தேடும் மகன், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மைத்துனர், இந்த நால்வரையும் ஒரு ஓடை தாண்டிக் கூட்டிப்போய், பொழுது சாய்வதற்குள் அதே பஸ் நிலையத்தில் சண்டையில்லாமல் கொண்டுவந்து விட வேண்டும். வழியில் மைத்துனர் ஒருமுறையாவது சொல் கேட்டிருந்தால் கூடுதலாகப் பத்து மதிப்பெண்.