லைட்டவுஸ்

செங்கல்பட்டு மார்க்கெட்டில் 'கீரை கடை' என்று ஒரு போர்டு இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். "கீரையைக் கடைடான்னு நமக்கு உத்தரவு போடுறான் பாரு." நடுவில் ஒரு 'க்' இருந்தால் கீரை விற்கிற இடம், இல்லாவிட்டால் மத்தை எடுக்கச் சொல்லும் கட்டளை. இரண்டு சொல் ஒரு சொல்லாவது எப்படி என்று நான் கற்றது அந்த போர்டில்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கில உச்சரிப்பு வகுப்புக்கு அனுப்பினார்கள். 'லைட்ஹவுஸ்' இரண்டே அசை. முதல் அசையை அழுத்தினால் கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு. 'ஹவுஸ்' மேல் அழுத்தினால் கனமில்லாத வீடு. அதேபோல் 'கிரீன்ஹவுஸ்' என்றால் பசுமைக்குடில், 'கிரீன் ஹவுஸ்' என்றால் பச்சை பெயின்ட் அடித்த வீடு. நான் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அந்த ஞாயிறு அப்பாவோடு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். இப்போதைய கல் கோபுரம் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலின் மேல்தான் விளக்கு எரிந்தது. "பழைய லைட்டவுஸ் இதான்டா. சாமி வீடே விளக்கு வீடாச்சு," என்றார் அப்பா உற்சாகமாக.

"லைட்டவுஸ் இல்லப்பா, லைட்ஹவுஸ். முதல்ல அழுத்தணும்."

வகுப்பில் வாங்கிய சிரிப்பை அப்படியே அவர் தலையில் இறக்கிவைத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்று அசைதான் வந்தது. அதன்பின் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. சிலப்பதிகாரத்துச் சொல்லுக்குப் போய்விட்டார்: கலங்கரை விளக்கம்.

எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. தமிழில் அழுத்தம் ஒரு சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. ஒட்டுவதற்கு நம்மிடம் இருப்பது மெய்யெழுத்து. கீரைக்கடையில் 'க்' புதிதாக வந்து நிற்கிறது. லைட்டவுஸில் 'ஹ' கரைந்து, இருந்த 'ட்' இரட்டிக்கிறது. இலக்கணத்தில் இரண்டும் வேறு வேறு. என் காதுக்கு வேலை ஒன்றுதான். லைட்டவுஸ் என்றால் கனமில்லாத வீட்டுக்கு எந்த ஆட்டோக்காரரும் வண்டியை விடமாட்டார். அப்பா தப்பாகச் சொல்லவில்லை, தமிழில் ஒட்டியிருந்தார்.

போன மாதம் கேட்டேன். "அப்பா, லைட்டவுஸ் பக்கம் போலாமா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கலங்கரை விளக்கத்துக்கா? போலாம்."