மலைநாட்டு மலர்களும் நமது படப்பெட்டியும்

மலைநாடு என்றதும் தேயிலையே நம் நினைவுக்கு வருகிறது. ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகைவண்டியிற் செல்வோர் பலகணி வழியே காண்பதும் பெரும்பாலும் அதனையே. ஆயினும் தண்டவாளத்தின் ஓரத்திலும், கான் கரைகளிலும், லயங்களின் பின்புறத்திலும், மலையுச்சிக் காடுகளிலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பூ மலர்ந்துகொண்டேயிருக்கிறது. முப்பத்தாறு படங்கள் கொண்ட சுருளை எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம் போயிற்று. இன்று வீட்டுக்கு வீடு கைபேசி உண்டு. அதனைக் கொண்டே இம்மலர்களைப் பருவந்தோறும் படம் பிடித்துச் சேர்க்கலாம்.

தை மாதத்திலிருந்து தொடங்குவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தெளிந்த வானமுள்ள இரவுகளில் அங்கே புல்நுனிகளில் பனி உறைந்துவிடுகிறது. கதிரவன் எழுந்த சில நிமிடங்களில் அது கரைந்துவிடும். படம் வேண்டுவோர் போர்வையை உதறிவிட்டு முன்னதாகவே எழ வேண்டும். தேயிலைக்கும் பூ உண்டென்பதைப் பலர் அறியார். கொழுந்து ஓயாமற் கிள்ளப்படும் செடியில் அதனைக் காண்பது அரிது. கவாத்துச் செய்யாது வளரவிட்ட செடியைத் தேடினால், வெள்ளிதழ்களின் நடுவே பொன்னிறக் கேசரங்கள் செறிந்த அச்சிறு பூவைக் காணலாம்.

சித்திரையில் நுவரெலியா விழாக்கோலம் பூணும். பூங்காக்களில் ரோசாவும் டேலியாவும் காட்சி தரும். அருகேயுள்ள ஹக்கலைத் தோட்டம் 1861 ஆம் ஆண்டு சிங்கோனா மரம் பயிரிடுவதற்காகத் தோன்றியது. காய்ச்சலுக்கு மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்தே கிடைத்தது. பின்னரே அது மலர்த் தோட்டமாயிற்று.

ஆயினும் நம் மனத்தைக் கவர்வன மனிதர் நடாத மலர்களே. வைகாசியை ஒட்டி ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றால், முறுக்குண்ட கிளைகளில் செந்நிறக் கொத்துக்களைத் தாங்கி நிற்கும் மரத்தைக் காணலாம். சிங்கள மக்கள் இதனை மகா ரத்மல் என்பர். நீலகிரியில் இதன் உறவான மரத்தைக் காட்டுப்பூவரசு என்பர். இமயமலைச் சாரலிலும் இவ்வினம் வாழ்கிறது. கடலாலும் சமவெளிகளாலும் பிரிந்து கிடக்கும் மூன்று மலைநாடுகளை ஒரு மரம் உறவாக்கி வைத்திருக்கும் விந்தையை என்னென்பது!

அப்பால் தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் பாசியும் பன்னமும் காசித்தும்பையின் காட்டு உறவுகளும் செழிக்கும். அட்டைகளும் நம்மை வரவேற்கும், காலுறையின்றிச் செல்லற்க. மழை ஓய்ந்து மூடுபனி சூழும் நேரமே படத்துக்கு நல்வேளை. உச்சிவெயில் இதழின் நிறத்தை வெளிறச் செய்யும். மூடுபனியோ ஒளியைச் சல்லடையிலிட்டாற்போற் சலித்துத் தருகிறது. காற்றடித்தால் விரித்த குடையைக் காற்று வரும் பக்கம் பிடித்து, பூவின் உயரத்துக்கு மண்டியிட்டு எடுத்தல் வேண்டும்.

செப்டம்பரை ஒட்டிப் பினர மலர்கிறது. ஊதா இதழும் மஞ்சள் மகரந்தப் பைகளும் கொண்ட இப்பூவின் பெயரே சிங்கள மாதம் ஒன்றுக்கும் வழங்குகிறது. மலர்களுள் அரசி எனத்தக்கது நெலு. இது நம் இலக்கியங்கள் போற்றும் குறிஞ்சியின் குலத்தைச் சேர்ந்தது. இக்குலத்துச் செடிகள் பல, ஆண்டுக் கணக்கிற் காத்திருந்து, ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை ஈந்து மடிவன. ஹோர்ட்டன் சமவெளியில் 2013 இல் பெருமலர்ச்சி கண்ட நெலு, மீண்டும் 2025 இல் மலர்ந்தது. கணக்குப்படி அடுத்தது 2037 இல் வர வேண்டும். இன்று பதினைந்து வயதுள்ள மாணவர் அப்போது இருபத்தைந்தைக் கடந்திருப்பார். ஆதலின் நெலுவின் ஒரு கொத்தைப் பறிப்பவர், பன்னிரண்டாண்டுத் தவத்தின் விதையையும் பறிப்பவராவார். 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அந்நிலத்தில் இலையைக் கிள்ளுவதற்கும் சட்டம் இடந்தராது. படம் எடுத்தல் ஒன்றே அங்கு முறை.

அழகெல்லாம் நன்மை என்று கொள்ளுதற்கும் இல்லை. சமவெளியில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் முட்புதர் வெள்ளையர் ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்தது. உள்ளூர்ப் புல்லை நெருக்கி அது பரவுகிறது. வேலியோரத்து உண்ணிச்செடியும் பூங்காவின் அலங்காரத்துக்காக 1826 இல் இறக்குமதியாகிக் காட்டுக்குத் தப்பியதே. நிழலுக்காகத் தோட்டங்களில் நட்ட சவுக்கு மரம் ஆஸ்திரேலியாவின் பிள்ளை. இங்குள்ள பூக்களில் எது பூர்வீகம், எது விருந்தாளி, எது விருந்தாய் வந்து வீட்டைப் பிடித்தது என்று படமட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பெயரும் வரலாறும் தெரிதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரை நினைவு கூர்கிறோம். நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். மலர்களை ஓவியமாகத் தீட்டி உலகைச் சுற்றிய மரியான் நோர்த் அம்மையார் களுத்துறையில் இவருடைய இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினார். அவர் செடிகளைத் தீட்ட, இவர் அவரையே படம் பிடித்தார்! மருந்து பூசிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு, உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் இவர் எடுத்த படங்களுள் சில இன்றும் உள்ளன. 1879 இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மறைந்த இவரது கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் அவற்றில் நின்ற எளிய மக்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. முகம் நின்றது, பெயர் போயிற்று.

மலருக்கும் அக்கதி நேராதிருக்கட்டும். ஒவ்வொரு செடியையும் மூன்று படங்கள் எடுங்கள்: முழுச் செடி ஒன்று, இலையின் இருபுறமும் ஒன்று, பூ அருகாக ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு நாணயம் வையுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். பின்னர் கொழுந்து பறிக்கும் பாட்டிமாரிடம் காட்டிப் பெயரைக் கேளுங்கள். எது கீரை, எது மருந்து, எதை ஆடு உண்ணாது என்பதை அவர்கள் அறிவர். அவ்வறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறியதில்லை. களைகொல்லி தெளித்த மலையில் அச்செடிகளும் அருகுகின்றன. சொல்லித்தரும் வாய்களும் ஆண்டுதோறும் குறைகின்றன.

ஒரு பள்ளியின் மாணவர் பத்துப்பேர் ஓராண்டு இதனைச் செய்தால், அவர்தம் தோட்டத்துக்கு ஒரு மலர்ப் பஞ்சாங்கம் உருவாகிவிடும். 2037 இல் நெலு பூக்கும்போது, இந்த ஆண்டின் ஏட்டை எடுத்து ஒப்பு நோக்குவார்க்கு எது நிலைத்தது, எது மறைந்தது என்பது விளங்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். முதற்படத்துக்குக் கான் கரையிலுள்ள வல்லாரையே போதும்.