பூனாகலை ஏற்றத்தில் ஒரு பாடம்

என் அம்மா பிறந்தது பூனாகலையில். 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார். அங்கேயே கல்யாணம் முடித்திருந்த மூத்த மகள் மட்டும் தோட்டத்தில் நின்றுவிட்டார். "கண்ணை மூட முதல் அக்காவை ஒருக்காப் பாக்கோணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். 2024 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வான். 2009 இல் கணவரை இழந்த பிறகு, சில வருடங்கள் கழித்து, கடனும் சீட்டுக் காசும் சேர்த்து வாங்கியது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வானால்தான்.

மகியங்கனை, பதுளை வழியாகப் பண்டாரவளையை அடைந்தபோது பின்னேரமாகிவிட்டது. அங்கிருந்து பூனாகலை வீதி தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. டர்பன்டைன் மரங்களை ஓகஸ்ட் மாதக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. லியாங்கஹவெல தாண்டியதும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்றைத் தேடினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வெப்பமானி முள்ளை. வழக்கமாக நடுவில் நிற்கும் முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஒருவித இனிப்பு வாசனை வந்தது. ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டேன். அது இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வெளியே எடுக்கும். முள் சற்றுத் தயங்கிவிட்டு மறுபடி ஏறியது. அகலமான ஓரிடத்தில் வானை நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்தேன். ஆசனத்துக்குக் கீழிருந்து ஆவி வந்தது.

"தண்ணிய ஊத்து புள்ள" என்றார் அம்மா. நான் ஊற்றவில்லை. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். முக்கால் மணி நேரம் பொறுத்திருந்தோம்.

மலையில் இன்னொரு கரைச்சலும் உண்டு. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,200 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். மூடியும் குழாய்களும் இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, 100 பாகையைத் தாண்டினாலும் கொதிக்காது. எங்காவது ஒழுகினால் அந்த அழுத்தம் போய்விடும். சமதரையில் தாக்குப்பிடிக்கும் வான் ஏற்றத்தில் கைவிடுவது இதனால்தான்.

சூடு தணிந்ததும் முன் ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிறு தாங்கியில் கூலன்ற் ஒரு சொட்டும் இல்லை. மூடியின் றப்பர் நன்றாகவே இருந்தது. தண்ணீர்ப் பம்பின் அடியில் ஈரமில்லை. மேல் ஹோஸ் குழாயில், கிளிப் பிடிக்கும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்தமாதிரி படிந்திருந்தது. விரலால் அமர்த்தினேன், வெடிப்பு வாய் திறந்தது.

அந்த வெள்ளைப் படிவை நான் கிளிநொச்சியிலேயே கண்டிருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மூன்று கிழமையாகக் காலையில் தாங்கி குறைந்திருக்கும். ஒரு போத்தல் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, 'பிறகு பாப்பம்' என்று ஓடினேன். கராஜ் செலவுக்குப் பயந்தேன்.

அடுத்த பயம் இஞ்சின் தலை. அதிக சூட்டில் அது வளைந்தால் செலவு என் பல மாத உழைப்பை விழுங்கிவிடும். ஒயில் கோலை இழுத்துப் பார்த்தேன். ஒயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்தேநீர் நிறமாக இருக்கும். கறுப்பாகவே இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவ்வழியே வந்த கொழுந்து லொறிச் சாரதி இறங்கி, "என்னக்கா, ஹோஸா?" என்றார். கத்தியும் திருப்புளியும் கொடுத்தார். வெடித்த நுனியை ஓர் அங்குலம் வெட்டி நீக்கினேன். மீதிக் குழாய் எட்டியது. உள்ளே தள்ளிக் கிளிப்பை இறுக்கினேன். மலையிலிருந்து இறங்கிய ஒரு பிள்ளை பீலியில் வாளியை நிரப்பித் தந்தாள். வெளியேறிய கூலன்றைப் பீலிப்பக்கம் ஓடவிடாமல் மண் போட்டு மூடினேன். அது இனிப்பாக இருக்கும். பிள்ளையோ நாயோ நக்கினால் சிறுநீரகம் பழுதாகி உயிரே போகலாம். பிறகு றேடியேற்றரை மெதுவாக நிரப்பி, இஞ்சினை இயக்கி, காற்றுக் குமிழி அடங்கும்வரை ஊற்றினேன். முள் நடுவில் வந்து நின்றது.

லயத்துக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. லாம்பு வெளிச்சத்தில் சகோதரிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். பேச்சே வரவில்லை.

இரவு வானுக்குக் கீழே ஒரு பெட்டி மட்டையை விரித்தேன். பெரியம்மா ஏனென்று கேட்டார். "விடியப் பாத்தா எங்க ஒழுகுதெண்டு தெரியும்" என்றேன். அவர் தலையாட்டினார். "நாங்களும் அப்படித்தாம்மா மலையப் பாக்குறோம். தரையில புதுசா வெடிப்பு விட்டா, ஊத்தே இல்லாத எடத்துல தண்ணி கசிஞ்சா, பீலித்தண்ணி திடீர்னு கலங்குனா, பொழுது விடியட்டும்னு படுத்திருக்கக் கூடாது" என்றார். 2014 ஒக்டோபர் 29 அன்று பக்கத்துக் கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்ததையும் சொன்னார். எங்களுக்குச் செல், அவர்களுக்கு மலை. இடம்பெயர்வது இருவருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

காலையில் மட்டை காய்ந்திருந்தது. ஆனாலும் நான் அதை நம்பிப் பயணப்படவில்லை. பண்டாரவளைக்கு மெதுவாக இறங்கி, புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி மாட்டி, பச்சைத் தண்ணீரை இறக்கிவிட்டுக் கூலன்ற் நிரப்பினேன். சில ஆயிரம் ரூபாவுடன் முடிந்தது.

திரும்பும் நாளில் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினோம். பூனாகலை ஓயாதான் அங்கே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது. கோடையில் தண்ணீர் மெலிந்திருந்தது. "நாங்க குளிச்ச தண்ணி" என்று அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சகோதரிகளே, தையல் மெஷினோ, தண்ணீர் மோட்டரோ, வானோ, உங்களுக்குச் சோறு போடும் பொருள் எதுவென்றாலும் காலையில் அது குளிர்ந்திருக்கும்போது ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். நான் இப்போது தினமும் பார்க்கிறேன்.